அப்பாவின் கல்லும் என் கல்லும்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு ஃபிலிம் டப்பா உருண்டு வந்தது. கறுப்பு டப்பா, சாம்பல் நிற மூடி. திறந்தால் சிலிக்கா ஜெல் மணிகள். போடும்போது நல்ல நீலமாக இருந்தவை, ஈரம் குடித்துக் குடித்து வெளுத்த ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தன. அவற்றுக்கு அடியில், காகிதத்தில் சுற்றிய ஒரு கறுப்பு வில்லை. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனால் தடிமன் அதிகம்.

உதவிக்கு வந்திருந்த தங்கை மகள் கையில் வாங்கிப் பார்த்தாள். ராமநாதபுரத்தில் பி.எஸ்.சி. இயற்பியல் படிக்கிறாள்.

"என்ன மாமா இது, கரித்துண்டா?"

"கரி இல்ல. மீக்கடத்தி. நான் செஞ்சது."

"ஓ, அதுவா? மின்தடை சுழியாகும் பொருள். எங்களுக்கு ரெண்டு மார்க் கேள்வி." கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "சரி, ஏன் இதுக்கு மட்டும் அப்படி ஆகுது?"

அந்தக் கேள்விக்கு இரண்டு மார்க் பதில் கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவும் இதையேதான் கேட்டார். அவருக்குச் சொன்னதைவிட இவளுக்குக் கொஞ்சம் உருப்படியாகச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு ராமேஸ்வரத்தில், கோயிலுக்குப் போகிற வழியில், சங்கு சிப்பிக் கடை. சோழி மாலை, சிப்பி ஒட்டிய கண்ணாடிச் சட்டம், பேர் எழுதிக் கொடுக்கிற சங்கு. அந்தக் காலத்தில் பவளமும் கடல் விசிறியும்கூட இருக்கும். 2001-இல் அவற்றுக்கெல்லாம் தடை வந்த பிறகு எடுத்துவிட்டார். கடை வாசலில் ஒரு தொட்டி, அதில் ஒரு கல் மிதக்கும். ராமேஸ்வரம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், இன்றும் பல இடங்களில் இருக்கிறது. ராமர் பாலத்துக் கல் என்று யாத்ரீகர்கள் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சிலர் விலை கேட்பார்கள். அப்பா அதை மட்டும் விற்றதில்லை. ஆனால் கல்லைப் பார்க்க நின்றவர்கள் பாதிப் பேர் ஒரு சோழி மாலையாவது வாங்காமல் நகர மாட்டார்கள்.

சின்ன வயதில் அந்தக் கல்லைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடிப்பது எனக்கு விளையாட்டு. பொடிப் பொடியாகக் குமிழ் வரும். அப்பா பார்த்தால் முதுகில் ஒன்று வைப்பார். ராத்திரி கடை சாத்தும்போது கல்லை எடுத்துத் துடைத்துக் காய வைப்பார். கல் முழுக்க ஓட்டை, ஓட்டைக்குள் காற்று. ஈரம் ஏறினால் கனத்துவிடும். கல் ஏன் மிதக்கிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். கேட்கிறவர்களிடம் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

நான் 1993-94-இல் மதுரையில் எம்.ஃபில். படித்தேன். ஆய்வு வேலையாகக் கொடுத்தது இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு செய்து அளப்பது. ஆய்வகத்தில் எல்லோரும் 'ஒன் டூ த்ரீ' என்றுதான் சொல்வோம். இட்ரியம் ஒன்று, பேரியம் இரண்டு, செம்பு மூன்று. அப்போது நாட்டில் பாதி இயற்பியல் துறைகளில் யாராவது ஒருவர் இதைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். செய்முறை சமையல் மாதிரி இருந்ததுதான் காரணம். பத்து கிராம் கலவைக்கு இட்ரியம் ஆக்சைடு 1.51 கிராம், பேரியம் கார்பனேட் 5.29, காப்பர் ஆக்சைடு 3.20. இன்றைக்கும் மனப்பாடம். மூன்றையும் அகேட் உரலில் போட்டு அரைக்க வேண்டும். இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று. அசிட்டோன் விட்டு அரைத்து, காய்ந்ததும் மறுபடி அரைத்து, கை கழன்றுவிடும். பேரியம் கார்பனேட் விஷம், எலி மருந்தில் போட்டது, அதனால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அரைப்போம். பிறகு 900 டிகிரிக்கு மேல் சுடுவது, எடுத்து மறுபடி அரைப்பது, மறுபடி சுடுவது. கடைசியாக அச்சில் போட்டு அழுத்தி வில்லையாக்கி 940 டிகிரியில் ஒரு நாள்.

என் முதல் வில்லை பச்சையாக வந்தது. நல்ல கிளிப் பச்சை. அடுப்பின் வெப்பம் அளக்கும் கம்பி சரியாக உட்காரவில்லை, நான் அதைச் சோதிக்கவில்லை. உள்ளே 1,000 டிகிரியைத் தாண்டிப் பொருள் பிரிந்துபோய்விட்டது. அந்தப் பச்சைப் பொருளிலும் அதே இட்ரியம், அதே பேரியம், அதே செம்பு, அதே ஆக்சிஜன்தான். விகிதமும் அடுக்கும்தான் வேறே. மின்சாரம் துளியும் பாயாது. சார் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு, மோதிரத்துக்குக் கல்லா வச்சுக்க" என்றார்.

இரண்டாவது வில்லை கறுப்பாக வந்தது. பார்க்க எல்லாம் சரி. ஆனால் திரவ நைட்ரஜனில் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அவசரப்பட்டு அடுப்பிலிருந்து சூட்டோடு எடுத்துவிட்டேன். மெதுவாக ஆறவிட்டு, 450 டிகிரி வாக்கில் ஒரு நாள் ஆக்சிஜன் ஓட்டத்தில் வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் அது போதுமான ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓர் அலகுக் கூட்டில், அதாவது திரும்பத் திரும்ப அடுக்கப்படும் அணுக்களின் மிகச் சிறிய கட்டில், ஆக்சிஜன் அணுக்கள் ஆறு இருந்தால் அது வெறும் மின்கடத்தாப் பொருள். ஏழுக்குப் பக்கத்தில் வந்தால் 90 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 183 டிகிரிக்கு, மேலேயே மீக்கடத்தி. பதின்மூன்று அணுவில் ஒரே ஒரு அணு வித்தியாசம். அந்த ஒரு ஆக்சிஜன் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால் தங்கை மகள் கேட்ட கேள்வியில் பாதி புரிந்த மாதிரி.

கொஞ்சம் பழைய கதை. 1911-இல் நெதர்லாந்தின் லைடனில் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தில் குளிர வைத்துப் பார்த்தார். 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரியில், மின்தடை திடீரென்று காணாமல் போனது. அது ஏன் என்று சொல்ல 46 வருஷம் ஆயிற்று. 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் சொன்னார்கள்: எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன.

ஒன்றையொன்று விரட்டுகிற எலக்ட்ரான்கள் எப்படி ஜோடி சேரும்? இதற்கு நான் வகுப்பில் சொல்கிற உதாரணம் தனுஷ்கோடி வேன். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வருவதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் சேற்றிலும்தான் வண்டி ஓடும். முன்னால் போன வண்டி மணலில் தடம் விட்டுப் போயிருக்கும். பின்னால் வருகிறவர் அந்தத் தடத்தில்தான் இறக்குவார், இல்லாவிட்டால் புதைந்துவிடும். இவர் அந்த இடத்துக்கு வரும்போது முதல் வண்டி எங்கேயோ போயிருக்கும், இடித்துக்கொள்ள வழியே இல்லை. எலக்ட்ரானும் அப்படித்தான். அது ஓடிப்போன வழியில் நேர் அயனிகள் லேசாக உள்ளே இழுபடும். அயனிகள் கனமானவை, பழைய இடத்துக்குத் திரும்ப நேரமாகும். அந்தப் பள்ளத்தில் இரண்டாவது எலக்ட்ரான் வந்து விழும். இடத்தால் தள்ளி இருந்தாலும் தடத்தால் ஜோடி. அலுமினியத்தில் இந்த ஜோடியின் நீளம் ஆயிரம் நானோமீட்டருக்கும் மேல். ஜோடி சேர்ந்தவை எல்லாம் ஒரே அலையாக நகரும்போது, ஒன்றை மட்டும் தனியே முட்டித் தடுக்க முடியாது. மின்தடை போயிற்று.

மணல் அதிர்ந்துகொண்டே இருந்தால் தடம் நிற்காது. வெப்பம் செய்வது அதுதான். அதனால் இந்த முறையில் 30 கெல்வினைத் தாண்டுவதே பெரும்பாடு என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 1973-இல் ஒரு நயோபியம் ஜெர்மேனியக் கலவை 23 கெல்வினைத் தொட்டது. அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் அசைவில்லை.

1986-இல் சூரிச் பக்கத்தில் ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ஸ், முல்லர் என்ற இரண்டு பேர் யாரும் கை வைக்காத இடத்தில் கை வைத்தார்கள். லாந்தனம், பேரியம், செம்பு சேர்ந்த ஆக்சைடு. ஆக்சைடு என்றால் பீங்கான் ஜாதி. மின்கம்பத்தில் மின்சாரம் கம்பத்துக்கு இறங்காமல் இருக்க வெள்ளையாக ஒரு பீங்கான் மாட்டியிருப்பார்களே, அதன் சொந்தக்காரன். அதில் போய் 30 கெல்வினைத் தாண்டி மீக்கடத்தல்! மறு வருஷமே நோபல் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் 1987 தொடக்கத்தில் அமெரிக்காவில் வூ, சூ குழுவினர் லாந்தனத்துக்குப் பதில் இட்ரியத்தைப் போட்டு 93 கெல்வினுக்குப் போயிருந்தார்கள். திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிக்கும். இதுதான் பெரிய விஷயம். ஹீலியம் பணக்கார ஆய்வகங்களுக்கு மட்டும். நைட்ரஜன் மாட்டு ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பின்னால் வருகிறேன். அந்த மார்ச் 18-ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில் ராத்திரி தொடங்கிய பேச்சு விடிகாலை 3 மணியைத் தாண்டியும் முடியவில்லையாம். அந்தக் கூட்டத்தின் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் சார் எங்களை அரைக்க வைத்தார்.

சரி, அந்தப் பீங்கானுக்குள் என்ன இருக்கிறது? 1986-க்குப் பிறகு வந்த செம்புக் குடும்பம் முழுக்க ஒரு பொது அம்சம்: செம்பும் ஆக்சிஜனும் சதுரம் சதுரமாகப் பின்னிய தட்டையான தாள்கள். வலை மாதிரி. முடிச்சில் செம்பு, இரண்டு முடிச்சுக்கு நடுவில் ஆக்சிஜன். இட்ரியம், பேரியம், பாதரசம், பிஸ்மத், தாலியம் எல்லாம் அந்தத் தாள்களுக்கு இடையே வைத்த அட்டைகள். சரக்கு தாளில்தான் இருக்கிறது. அதனால்தான் இட்ரியத்தை எடுத்துவிட்டு அதன் உறவுக்காரத் தனிமங்கள் பலவற்றைப் போட்டாலும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. தாளில் கை வைத்துச் செம்புக்குப் பதில் கொஞ்சம் துத்தநாகம் போட்டால் மளமளவென்று சரிந்துவிடும். எங்கள் ஆய்வகத்திலேயே ஒரு தோழி அந்த வேலையைச் செய்தாள்.

தாளில் ஒவ்வொரு செம்புக்கும் ஜோடி இல்லாத எலக்ட்ரான் ஒன்று. பழைய பாடப்படி பார்த்தால் இது நல்ல உலோகமாக இருக்க வேண்டும். ஆனால் ஆக்சிஜன் குறைந்த வில்லையில் மின்சாரமே பாயாது. காரணம் கூட்டம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் நம் படகுத்துறையில், அதாவது ஜெட்டியில், விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டி ஒட்டி, இடையில் கை நுழைய இடமில்லாமல். எல்லாப் படகிலும் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு படகு நகர வேண்டுமானால் இன்னொரு படகின் மேல்தான் ஏற வேண்டும். ஒரே செம்பில் இரண்டு எலக்ட்ரான் உட்கார முடியாத அளவுக்கு விரட்டல், அதனால் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கின்றன.

நின்றாலும் சும்மா நிற்பதில்லை. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு, மேலே அல்லது கீழே. ஒரு படகின் அணியம், அதாவது முன்முனை, கடலைப் பார்த்தால் பக்கத்துப் படகின் அணியம் கரையைப் பார்க்கிற மாதிரி, ஒன்று விட்டு ஒன்று எதிரெதிராக அடுக்கிக்கொள்கின்றன. இந்த எதிரெதிர்ப் பிணைப்பின் பலம்தான் செம்பின் தனிச்சிறப்பு. செம்பும் ஆக்சிஜனும் ஆற்றல் மட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆக்சிஜன் வழியாகச் செம்பும் செம்பும் அவ்வளவு நெருக்கமாகப் பேசிக்கொள்ளும். அந்தப் பிணைப்பின் ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் 1,000 கெல்வினுக்கு மேல் வரும். மணல் தடத்தோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ இருக்கிறது.

இப்போது அந்த ஒரு ஆக்சிஜனுக்கு வருவோம். அது தாளுக்குள் போவதில்லை. இரண்டு தாள்களுக்கு இடையே வேறொரு சங்கிலியில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தபடியே தாளிலிருந்து எலக்ட்ரானை உருவுகிறது. ஜெட்டியிலிருந்து சில படகுகளை வெளியே எடுத்த மாதிரி. வெற்றிடம் வந்துவிட்டது, நகரலாம். அளவு முக்கியம். நூறு செம்புக்கு ஐந்து இடம் காலியானால் மீக்கடத்தல் தலைகாட்டும். பதினாறு வாக்கில் உச்சம். இருபத்தைந்தைத் தாண்டினால் ஓய்ந்துபோய்ச் சாதாரண உலோகமாகிவிடும். அம்மா கருவாட்டுக்கு உப்புப் போடும்போது படியில் அளக்க மாட்டார், ஆனால் ஒரு பிடி குறைந்தால் நாறும், ஒரு பிடி கூடினால் வாயில் வைக்க முடியாது. இதுவும் அந்த மாதிரிக் கணக்கு.

நகர இடம் கிடைத்தது சரி, ஜோடி எப்படி? இங்கேதான் சண்டை. 1987-லேயே பிரின்ஸ்டனின் ஆண்டர்சன் ஒரு யோசனை சொன்னார். அதே வருஷம் அவரோடும் ஸூ என்பவரோடும் சேர்ந்து அதற்குக் கணித உருவம் கொடுத்தவர் நம்மூர்க்காரர், சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன். என் அறிவுக்கு எட்டிய மட்டில் அது இதுதான்: மேலும் கீழுமாக நிற்கிற பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரான்கள் ஏற்கெனவே கை கோத்த ஜோடிகள். ஒரே துணையோடு உறைந்து நிற்காமல், துணையை மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டிருக்கும் ஜோடிகள். ஜெட்டி அடைசலாக இருக்கும்வரை அவற்றால் நகர முடியாது. கொஞ்சம் இடம் விட்டால் அந்த ஜோடிகளே கிளம்பி ஓடுகின்றன, அதுதான் மீக்கடத்தல். இன்னொரு கட்சி, எதிரெதிர் அடுக்கின் அலைவே மணல் தடம் செய்த வேலையைச் செய்கிறது என்கிறது. இரண்டிலும் ஒன்று பொது. எந்த விரட்டல் எலக்ட்ரான்களை அசையவிடாமல் கட்டிப்போட்டதோ அதுவேதான் ஜோடியும் சேர்த்து வைக்கிறது.

விரட்டல்தான் ஜோடி சேர்க்கிறது என்பதற்கு வலுவான தடயம் ஒன்று உண்டு. இந்த ஜோடியின் வடிவம் உருண்டை இல்லை, நாலு இதழ்க் கோலம் மாதிரி. பக்கத்து இதழ்களுக்கு எதிரெதிர்க் குறி, ஒன்று கூட்டல் என்றால் அடுத்தது கழித்தல். நடுவில் சுழி. அதாவது இரண்டு எலக்ட்ரானும் ஒரே புள்ளியில் இருக்கிற வாய்ப்பையே தவிர்த்துவிட்டு ஜோடியாக இருக்கின்றன. 1993, 94 வாக்கில் இதை நேரடியாகச் சோதித்துக் காட்டினார்கள், நான் அரைத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில். இந்த ஜோடி சின்னது, தாளுக்குள் இரண்டு நானோமீட்டர்கூட வராது.

இதையெல்லாம் விட என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறு ஒன்று. மூன்றாவது வில்லை சரியாக வந்தது. வெள்ளிப் பசையால் நாலு கம்பி ஒட்டி, வெளிக் கம்பி இரண்டில் மின்னோட்டம் கொடுத்து, உள் கம்பி இரண்டில் மின்னழுத்தம் அளந்து, அறை வெப்பத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டே கிராஃப் தாளில் புள்ளி வைத்தேன். 300 கெல்வின், 280, 260. புள்ளிகள் நேர்கோட்டில் இறங்கின. சும்மா ஒரு பேச்சுக்கு நேர்கோடு இல்லை, ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் எல்லாப் புள்ளியும் அதன் மேல் உட்கார்ந்தது. 100-ஐ நெருங்கும்வரை அப்படியே. பிறகு 90-ஐ ஒட்டி மின்தடை விழுந்தது பாருங்கள், மீட்டரின் முள் அடித்துக்கொண்டு சுழிக்குப் போனது. நாங்கள் கத்தினோம், டீ வாங்கிவரச் சொன்னோம். அந்த வீழ்ச்சியை மட்டும்தான் பார்த்தோம். மேலே இருந்த நேர்கோட்டை யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை. "நல்லா அளந்திருக்க" என்று மட்டும் சார் சொன்னார்.

பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அந்த நேர்கோடே பெரிய புதிர் என்று. சாதாரண உலோகத்தில் இப்படிக் கடைசிவரை கோடு போட்ட மாதிரி இறங்காது, குளிரக் குளிர வளையும். எலக்ட்ரான்களைத் தனித்தனித் துகளாக நினைத்துப் போடுகிற கணக்கு எதுவும் இதற்குச் சரியாக ஒத்துவரவில்லை. விசித்திர உலோகம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மீக்கடத்தலுக்கு முந்தைய நிலை என்ன என்றே ஒப்புக்கொள்ள முடியாதபோது அதற்குப் பிந்தைய நிலையை எப்படி ஒப்புக்கொள்வது? பாண்டிய நாட்டு வெயிலில் ஒரு மாணவன் பென்சிலால் போட்ட கோட்டில் அந்தப் புதிர் முழுசாக இருந்திருக்கிறது. நான் அதற்கு மேல் ஸ்கேலை வைத்து மறைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதரசம் சேர்ந்த செம்பு ஆக்சைடு 1993-இல் 134 கெல்வினைத் தொட்டது. சாதாரண அழுத்தத்தில் செம்புக் குடும்பம் எட்டிய பெரிய உயரங்களில் ஒன்று அது. அதில் தாள் ஒன்றாக இருந்தால் 95 வாக்கில், மூன்று தாள் அடுக்கினால் 134, நான்காவதைச் சேர்த்தால் மறுபடி இறங்குகிறது. 2008-இல் ஜப்பானில் இரும்புக் குடும்பம் வந்தது, காந்தத்துக்குப் பேர்போன இரும்பு. அங்கேயும் காந்த அடுக்குக்குப் பக்கத்தில்தான் மீக்கடத்தல். 2015-இல் ஹைட்ரஜன் சல்ஃபைடை வைரங்களுக்கு இடையே பதினைந்து லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கி 203 கெல்வின். பிறகு லாந்தனம் ஹைட்ரைடு 250-ஐத் தொட்டது, நம் வீட்டு ஃப்ரீசருக்குப் பக்கம். வேடிக்கை என்னவென்றால் இவை பழைய மணல் தடக் கதையைத்தான் பின்பற்றுகின்றன. ஹைட்ரஜன் லேசு, அதிர்வு வேகம், அதனால் உயரம். 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து அறை வெப்பத்திலேயே காந்தத்தின் மேல் மிதக்கிற மீக்கடத்தி என்று ஒரு கல் வந்தபோது பழைய மாணவர்கள் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பித் தள்ளினார்கள். ஒரு முனை காந்தத்தைத் தொட்டுக்கொண்டு பாதி மிதந்த கல். ஒரே மாதத்தில் காப்பர் சல்ஃபைடு அசுத்தம் என்று தெரிந்துவிட்டது. அப்பாவின் கல்லாவது முழுசாக மிதந்தது.

என் வில்லை மிதந்த கதைக்கு வருகிறேன்.

நல்லதாக வந்த வில்லைகளில் ஒன்றை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று 1994 பொங்கலுக்குக் கொண்டுவந்தேன். பாம்பன் பாலத்தில் மீட்டர் கேஜ் ரயில், சட்டைப் பையில் வில்லை. வந்த பிறகுதான் நைட்ரஜனுக்கு என்ன செய்வது என்று தோன்றியது. அடுத்த விடுமுறையில் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். மே மாதம் வந்து எடுத்தால் வில்லை சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது, மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

"கரி மாதிரி அழுக்கா இருந்துச்சுப்பா. நல்லாத் தேச்சுக் கழுவி வச்சேன்" என்றார் அம்மா.

பேரியம் இருக்கிற பொருள், தண்ணீர் பட்டால் கரைந்து கட்டமைப்பே போய்விடும். கழுவாவிட்டாலும் நம் கடற்கரைக் காற்றின் ஈரம் மெதுவாக அதையேதான் செய்திருக்கும். அம்மாவைக் கையை நன்றாகக் கழுவச் சொன்னேன். அந்தத் தண்ணீரைக் கொல்லையில் எங்கே ஊற்றினார், கோழி எதுவும் குடித்ததா என்று விசாரித்ததில் வீட்டில் ஒரு நாள் கலவரம்.

அதற்கடுத்த வில்லையைத்தான் ஃபிலிம் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு தீபாவளிக்குக் கொண்டுவந்தேன். நைட்ரஜனுக்கு, மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற ஒரு நண்பர் கிடைத்தார். உறைவிந்து வைக்க அவர்கள் எப்போதும் நைட்ரஜன் கேன் வைத்திருப்பார்கள். ஒரு ஃபிளாஸ்க்கில் மூடியை இறுக்காமல் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தேன். இறால் பெட்டித் தெர்மோகோலை வெட்டிக் கிண்ணம் செய்து, வில்லையை உள்ளே வைத்து, ஊற்றினேன். புகை கிண்ணத்திலிருந்து வழிந்து மேசை மேல் ஓடியது. கொதிப்பு அடங்கியதும் பொட்டுக்கடலை அளவு காந்தம் ஒன்றை இடுக்கியால் எடுத்து வில்லைக்கு மேல் விட்டேன்.

நின்றது. வில்லைக்கு மேல் நெல்மணி உயரத்தில், ஒன்றையும் தொடாமல்.

அப்பா குனிந்து பார்த்தார். காந்தத்துக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்து எடுத்தார். தீக்குச்சியால் தட்டினார், இருந்த இடத்திலேயே சுற்றியது. பக்கவாட்டில் தள்ளினார், விலகிப் போகாமல் திரும்பி வந்தது. மீக்கடத்தி காந்தத்தைத் தள்ளுவதால் அது மிதக்கிறது, காந்தக் கோடுகள் வில்லைக்குள் அங்கங்கே சிக்கிக்கொள்வதால் நகராமல் நிற்கிறது என்று சொன்னேன். ஈரக் காற்றில் காந்தத்தின் மேல் வெள்ளையாகப் பனி படர்ந்துகொண்டே வந்தது, சின்னப் பஞ்சு உருண்டை மாதிரி.

"ஏன் இந்தக் கல்லுக்கு மட்டும் இப்படி ஆகுது?"

செம்பு, ஆக்சிஜன், தாள் என்று ஆரம்பித்தேன். நாலு வாக்கியத்துக்குள் எனக்கே நூல் அறுந்தது. "இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாதுப்பா" என்றேன்.

அவர் அதைக் கேட்டு ஏமாந்ததாகத் தெரியவில்லை. பனி பிடித்த காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் மிதக்கும்?"

"நைட்ரஜன் தீர்ற வரைக்கும். இன்னும் அஞ்சு நிமிஷம்."

"அந்தத் தண்ணி என்ன விலை?"

சொன்னேன்.

"தினம் வாங்கணுமா?"

"தினம் வாங்கணும்."

கிண்ணத்தில் கடைசி நைட்ரஜனும் ஆவியாகிப் போனது. கொஞ்ச நேரத்தில் காந்தம் மெதுவாகச் சாய்ந்து வில்லையின் மேல் படுத்துக்கொண்டது. அப்பா நிமிர்ந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அப்ப கடைக்கு ஆகாது" என்றார்.